நெய்ச்சாளை வந்த வழி

ஆனி பிறந்தால் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் கடலின் குணம் மாறிவிடும். கச்சான் காற்று ஓயாமல் அடிக்கும். நீரோடியில் தொடங்கித் தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம் என்று கரை நெடுகப் போட்டிருக்கும் கல்லில் அலை மோதி ஏறும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். சந்தையில் மீன் குறைந்து, வீடுகளில் கருவாட்டுப் பானை திறக்கும் காலம் அது. கரையில் கைச்செலவுக்கே திண்டாடும் இந்த மாதங்களில்தான் கடலுக்குள் நம் இரவுச் சாப்பாட்டுக்கான முதல் வேலை நடக்கிறது. நெய்ச்சாளை முட்டையிடுகிறது.

கேரளத்திலும் சென்னையிலும் மத்தி என்பார்கள். குமரியில் சாளை. சாளையில் பல வகை உண்டு. அவற்றில் கொழுப்பு மிகுந்த ஒன்றைத்தான் நெய்ச்சாளை என்று பிரித்துச் சொல்வது. ஒரு பெண்மீன் பல்லாயிரம் முட்டைகளை இரவில் நீரில் விட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். ஏறக்குறைய ஒரு நாளில் முட்டை பொரிந்து, நிறமே இல்லாத, சில மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சு வெளிவரும். பெரும்பாலானவை முதல் சில வாரங்களிலேயே யாருக்காவது இரையாகிவிடும். தப்பிப் பிழைத்தது அவசர அவசரமாக வளரும். ஓராண்டுக்குள் 14, 15 சென்டிமீட்டர். அதற்குள் அதுவே முட்டையிடத் தயாராகிவிடும். மொத்த ஆயுளே இரண்டரை ஆண்டு அளவுதான். இவ்வளவு குறைந்த ஆயுளுக்குள் அது சேர்த்துவைக்கும் சொத்து ஒன்று உண்டு. அதுதான் இந்தக் கதையின் சாரம், சட்டியில் நாம் தேடும் ருசியும் அதுவே.

மழைக்காலத்தில் ஏன் முட்டையிட வேண்டும்? தென்மேற்குப் பருவக்காற்று கரையை ஒட்டி வீசும்போது, பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்ள, மேல்நீர் கரையைவிட்டு விலகி ஓடுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. காலங்காலமாக அடியில் மக்கிக் கிடந்த சத்தெல்லாம் அந்த நீரோடு வெயில்படும் இடத்துக்கு வந்து சேர்கிறது. உரமும் வெளிச்சமும் ஒன்றாகக் கிடைத்ததும் கடலில் பயிர் ஏறுகிறது. டயாட்டம் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள், கண்ணாடிக்கூடு கட்டிக்கொண்டு கோடிக்கணக்கில் பெருகுகின்றன. வள்ளத்தில் போகிறவர்களுக்குத் தண்ணீரின் நிறம் மாறியது தெரியும். சாளைக்கு இது அறுவடைக் காலம். வாயைத் திறந்தபடி நீந்தினால் போதும், செவுளுக்குள் இருக்கும் நெருக்கமான முள்வரிசை வடிகட்டிக் கொடுத்துவிடும்.

மலபார் கரைச் சாளையின் வயிற்றைக் கிழித்து, அது என்ன தின்கிறது, எப்போது கொழுக்கிறது என்று ஆராய்ந்து எழுதியவர்களில் ஜேம்ஸ் ஹார்னெல் முக்கியமானவர். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநர். இன்று அவரைப் படகுகளைப் பற்றி எழுதியவராகத்தான் பலருக்கும் தெரியும். அவரும் ராமசாமி நாயுடுவும் சேர்ந்து 1920களில் வெளியிட்ட ஆய்வு சாளையின் வாழ்க்கையையும் கடற்பாசியையும் ஒரே கதையாகச் சொன்னது. 1955இல் ஆர்.வி. நாயரும் ஆர். சுப்ரமணியனும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஃபிராஜிலாரியா ஓஷியானிக்கா என்ற ஒரு குறிப்பிட்ட டயாட்டம் பெருகும் ஆண்டில் சாளையும் பெருகும் என்றார்கள். அவர்கள் பணியாற்றிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் இப்போது கொச்சியில் இருந்தாலும், 1971 வரை இருந்தது நம் மண்டபத்தில்.

மழை ஓய்ந்து புரட்டாசி, ஐப்பசி ஆகும்போது, அத்தனை நாள் தின்ற பாசி சாளையின் உடம்பில் எண்ணெயாகச் சேர்ந்திருக்கும். மருத்துவர்கள் புகழும் ஒமேகா-3 இருப்பது இதில்தான். மீன் தானாக அதைப் பெரிதாக உண்டாக்குவதில்லை, பாசி உண்டாக்குவதை வாங்கிச் சேமிக்கிறது. தோலுக்கடியில், தசைக்குள், வயிற்றுச் சுவரில் என்று எங்கும் கொழுப்பு. முட்டையிட்டு முடித்த சாளை மெலிந்து, பொரித்தால் சக்கையாக இருக்கும். அதே இனம், அதே கடல், சில மாத இடைவெளிதான். பருவம் தெரியாமல் வாங்கி வந்து மசாலாவைக் குறை சொல்வது நம்மிடம் பரவலாக உள்ள வழக்கம். சாளையைப் பொறுத்தவரை மசாலாவில் பாதியைக் கடலே அரைத்துக் கொடுத்துவிடுகிறது என்பது என் கட்சி.

இந்தக் கொழுப்பால் சாளைக்கு வந்த வினையும் உண்டு. வெகுகாலம் அதைச் சாப்பாடாகவே உலகம் மதிக்கவில்லை. மலபாரில் மிகுதியாகப் பட்ட சாளையைப் பழைய வள்ளங்களில் கொட்டி, வெயிலில் அழுகவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்தார்கள். படகுப் பலகைக்குப் பூச, விளக்கெரிக்க, தோல் பதனிட என்று அந்த எண்ணெய்க்குப் பல வேலை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. அழுகிய நாற்றத்தோடு போகும் எண்ணெய்க்கு நல்ல விலை கிடைக்காது என்று கண்டு, புது மீனை வேகவைத்துப் பிழியக் கற்றுக்கொடுத்தவர் பிரெடரிக் நிக்கல்சன். இந்தியக் கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்ட அறிக்கையை எழுதிய அதே அதிகாரிதான். சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறைக்கு அடித்தளம் போட்டவரும் அவரே. அவர் காட்டிய முறை பரவி, மலபார், தென்கன்னடக் கரைகளில் நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் முளைத்தன. பிழிந்த சக்கை எருவாகி, தென்னைக்கும் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் போனது. ஒரு கண்டத்தின் ஏழைகளுக்கு ஆகவேண்டிய புரதம் செடிக்கு அடியில் கொட்டப்பட்டது என்று இன்று கோபப்படலாம். ஆனால் ஐஸ் இல்லாத காலத்தில், ஒரே நாளில் கரையில் குவியும் மீனை வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் கேட்கத்தான் வேண்டும். ஐஸ் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் சாளை டன் கணக்கில் அரைபடுகிறது. அந்தக் காலத்துக்கு இருந்த சாக்கு இதற்குக் கிடையாது.

ஆலைகளின் பசி பெரியது, சாளையோ நிலையில்லாதது. 1940களில் மேற்குக் கரையில் அது ஏறக்குறைய மறைந்தே போனது. 1943இல் சென்னை அரசு சிறுமீனைச் சூறையாடும் மத்திகொல்லி வலை போன்றவற்றுக்குத் தடை போட்டது. வலையின் பெயரிலேயே குற்றப்பத்திரிகை இருக்கிறது, பாருங்கள். தடை சில ஆண்டுகளில் தளர்ந்தது. பின்பு சாளையும் திரும்பியது. வலையைத் தடுத்ததால் வந்ததா, கடல் மனம் மாறியதால் வந்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

சாளை பட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது கண்ணின் வேலை. பகலில் நீர்ப்பரப்பில் நிறம் கறுத்துத் தெரியும், சில சமயம் மழைத்துளி விழுந்ததுபோலச் சலசலக்கும், மேலே பறவைகள் வட்டமிடும். நிலவில்லாத இரவில் கூட்டம் ஓடும் தடத்தில் தண்ணீர் மின்னும். இப்போது எதிரொலிக் கருவி வந்துவிட்டது. கரமடி இழுத்த காலத்தில் ஊரே கயிற்றைப் பிடித்தது. கட்டுமரக்காரர்கள் சாளைவலையோடு விடிகாலையில் போனார்கள். வள்ளங்களில் இயந்திரம் ஏறியபின் தூரம் கூடியது, வலையின் நீளமும் கூடியது. கேரளப் பக்கத்தில் பெரிய வட்ட வலையால் ஒரு கூட்டத்தையே சுற்றி வளைத்துவிடுகிறார்கள். செவுள்வலையில் படும் சாளை தனித்தனியாகக் கண்ணியில் மாட்டி வரும். ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், கை அலுத்துப்போகும். ஆனால் மீன் நசுங்காது. வட்ட வலையில் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தி வரும் மீனைவிட இது உசத்தி. விலையில் அந்த வேறுபாடு பெரும்பாலும் தெரியாது, பொரித்தால் தெரியும்.

கரையேறியதும் சாளைக்கு நேரம் ஓடத் தொடங்குகிறது. வெள்ளை மீன்கள் தாங்கும் வெயிலை இது தாங்காது. காரணம் அதே கொழுப்பும், வயிறு நிறையத் தின்ற பாசியும். செத்த மீனின் குடலில் செரிமான நீர் வேலையை நிறுத்துவதில்லை. மீனின் வயிற்றையே அரிக்கத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அடிவயிறு கிழிந்துவிடும். இன்னொன்று ஆபத்தானது. சாளை, அயிலை, சூரை போன்றவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். தின்றவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும். 'எனக்குச் சாளை சேராது' என்று சொல்பவர்களில் சிலருக்குச் சேராதது சாளையே அல்ல, அது வெயிலில் கிடந்த நேரம். ஹிஸ்டமின் உருவாகிவிட்டால் எவ்வளவு பொரித்தாலும் போகாது. எனவே முதல் மசாலா ஐஸ். கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் நார்வே நாட்டு உதவியோடு 1953இல் தொடங்கிய திட்டம் இயந்திரப் படகைப் பழக்கியது என்று எல்லோரும் சொல்வார்கள். கூடவே ஐஸையும் பழக்கியது என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

ஏலம் சட்டென்று முடிந்துவிடும். குவியலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் ஏலக்காரர் எண்ணைக் கூவ, விரலும் கண்ணும் பதில் சொல்லும். பல ஊர்களில் இந்தத் தொகையில் ஒரு பங்கு கோயிலுக்குப் போகும். லாரிக்கு எடுப்பவர் மொத்தமாக எடுப்பார். மிஞ்சிய கூறுகளை மீன் விற்கும் பெண்கள் பகிர்ந்து எடுத்து, அலுமினியச் சருவத்தில் ஐஸோடு அடுக்கித் தலையில் ஏற்றுவார்கள். முன்பு பனையோலைக் கடவம், ஈரம் சொட்டச் சொட்ட ஓட்டநடை. உள்நாட்டுச் சந்தைகளில் நின்று மீன் வாங்கும் எவரும், அந்த மீன் தலைச்சுமையாக நடந்த தூரத்தைச் சேர்த்து விலை கொடுத்ததில்லை. 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் வீசுகிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் நியாயம் கேட்டுச் சத்தம்போட்ட காட்சி நாடெங்கும் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், பணியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். இரவு அதே மீனைப் பொரித்துத் தின்ன நமக்கு மூக்கு ஒத்துழைக்கிறது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

அந்திச் சந்தைக்குச் சாளை வந்துவிட்டால் மீன்கார அக்காவின் குரல் தெரு முனையிலேயே கேட்கும். "நெய்ச்சாளையாக்கும் மக்கா, பொரிக்க எண்ணெ ஊத்தவே வேண்டாம்!" இதில் விளம்பரம் பாதி, உண்மை பாதி. கண் குழியாமல் தெளிந்திருக்க வேண்டும். செவுளைத் தூக்கினால் சிவப்பு. முதுகு நீலம் மின்னும் பச்சை, வயிறு வெள்ளி. அடிவயிற்றைப் பெருவிரலால் லேசாக அழுத்தினால் அமுங்கிய இடம் உடனே நிமிர வேண்டும். செதிள் பாதிக்கு மேல் உதிராமல் இருந்தால் அதிகம் கைமாறவில்லை என்று பொருள். பேரம் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல மீன் பொறுக்கித் தந்த அக்காவிடம் பத்து ரூபாய்க்காக அரை மணி நேரம் நிற்பது அழகில்லை.

கைப்பொருத்தமான, 15 சென்டிமீட்டர் சாளை என்றால் அரைக் கிலோவில் பன்னிரண்டு, பதின்மூன்று நிற்கும். நான்கு பேருக்குத் தாராளம். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். செதிளைக் கத்தியின் முனை மழுங்கிய பக்கத்தால் வாலிலிருந்து தலைநோக்கி வழித்தால் எளிதாக வரும். அடிவயிற்றோரம் ரம்பம்போல உள்ள செதிள் வரிசையை ஒரு கீற்றாக நறுக்கி எடுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். தலையை வைப்பதா வெட்டுவதா என்பது வீட்டு அரசியல், நான் நுழையவில்லை. பிறகு ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவுவது எங்கள் பக்கத்து வழக்கம். வழுவழுப்பும் ரத்தமும் அதில் போகும். கடைசியாக, ஒரு துணியால் ஒற்றி ஈரம் எடுப்பது. இதை யாரும் செய்வதில்லை. ஈரமான மீன் சட்டியில் பொரியாது, வேகும். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

மசாலாவுக்கு வருவோம். அரைக் கிலோவுக்கு மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால், நல்லமிளகு இடித்தது ஒன்று, உப்பு ஒன்று, சின்ன உள்ளி ஐந்தாறு, பூண்டு நான்கு பல், ஒரு இணுக்குக் கறிவேப்பிலை. உள்ளியையும் பூண்டையும் அம்மியில் நைத்து எல்லாவற்றையும் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்தால் ஆயிற்று. மீனின் இரு பக்கமும் கத்தியால் இரண்டு மூன்று கீறல் போட்டு, கீறலுக்குள் போகும்படி தடவி, அரை மணி நேரம் வையுங்கள். சோளமாவு, அரிசிமாவு, சிவப்புக் கலர், கடையில் விற்கும் 'மீன் வறுவல் மசாலா' எதுவும் வேண்டாம். பொன்னிறமான ஓடு வேண்டும் என்பவர்கள் பஜ்ஜி போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கூட்டணியில் உள்ளூர்க்காரரும் உண்டு, வெளியூர்க்காரரும் உண்டு. உப்பு தூத்துக்குடி அளத்திலிருந்து வந்திருக்கும், மஞ்சள் ஈரோட்டுச் சந்தையிலிருந்து. நல்லமிளகு கொடி பக்கத்து மலையிலேயே மரமேறி நிற்கிறது. இதைத் தேடித்தான் கடல் கடந்து எத்தனையோ பேர் இந்தக் கரைக்கு வந்தார்கள். அப்படி வந்த போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது மிளகாய். பிறந்த இடம் அமெரிக்கக் கண்டம். அதற்கு முந்திய சாளைப் பொரியலில் உறைப்பெல்லாம் மிளகுடையது, நிறம் மஞ்சளுடையது. எப்போதாவது மிளகாயை விட்டுவிட்டு வெறும் மிளகு, மஞ்சள், உப்பில் பொரித்துப் பாருங்கள். நெய்ச்சாளையின் சொந்த ருசி அதில்தான் முழுதாகத் தெரியும். மிளகாய்க்கு எதிரான பேச்சு இல்லை இது. ராமநாதபுரம் முண்டு வற்றலை வறுத்துப் பொடித்துப் போட்டால் வரும் மணத்தை யார் மறுப்பார்? அளவைச் சொல்கிறேன். கொழுப்புள்ள மீனுக்கு உறைப்பு துணைக்கு வரவேண்டும், மேலேறி உட்காரக் கூடாது.

எலுமிச்சைச் சாற்றுக்கு ருசியைத் தவிர இன்னொரு வேலையும் இருக்கிறது. மீன் வாடை என்று நாம் சொல்வது பெரும்பாலும் டிரைமெத்திலமின் என்ற பொருளின் வாடை. அது காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டால் உப்பாக மாறிக் காற்றில் பறக்காமல் அடங்கிவிடும். புளிக்கரைசலில் மீனைக் கழுவும் பாட்டிமார் இந்த வேதியியலைப் படித்ததில்லை, செய்முறைத் தேர்வில் மட்டும் முழு மதிப்பெண்.

சட்டி இரும்பாக இருக்கட்டும், தோசைக்கல் இருந்தாலும் நல்லது. தேங்காயெண்ணெய் ஒரு பூச்சு, அதிகம் போனால் இரண்டு மேசைக்கரண்டி. நன்றாகக் காய்ந்தபின் மீனை நெருக்காமல் அடுக்கி, தீயைக் குறைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பெரும்பாலான சாளைகள் தோலுரிந்து போவது கரண்டி வைத்திருப்பவரின் அவசரத்தால்தான். மீனின் புரதம் சூடான இரும்பில் முதலில் ஒட்டும். அடிப்பக்கம் முறுகிக் காய்ந்ததும் தானாகவே விட்டுக்கொடுக்கும். நான்கைந்து நிமிடம் பொறுத்துச் சட்டியை லேசாக ஆட்டினால் மீன் நகரும். அப்போது திருப்பினால் போதும். இதற்குள் நெய்ச்சாளையின் எண்ணெய் கசிந்து, நீங்கள் ஊற்றியதைவிடக் கூடுதலாகச் சட்டியில் நிற்கும். அக்கா சொன்னதில் உண்மையான பாதி இது. முங்க முங்க ஊற்றிப் பொரித்தால் நேர்மாறாக நடக்கும். மீனின் நல்ல கொழுப்பு எண்ணெய்க்குள் இறங்க, எண்ணெய் மீனுக்குள் ஏறும். மழைக்காலம் முழுக்க வாய் திறந்து சேர்த்ததை வடிகட்டி ஊற்றுவது பெரும் துரோகம். இறக்கும் முன் சட்டியில் ஒதுங்கிய மசாலாவோடு கறிவேப்பிலையைப் போட்டுப் பிரட்டி மீன்மேல் அள்ளிப் போடுங்கள். வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் அந்தத் தூளுக்குத்தான்.

கூடச் சாப்பிடச் சோறோ கஞ்சியோ ஆகும். ஆனால் சாளைக்கு முறைப்படி வாய்த்த ஜோடி மரச்சீனிக் கிழங்குதான், அதாவது மரவள்ளி. அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தியவர். குமரி அப்போது திருவிதாங்கூரின் பகுதி, தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்தபோது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. வெளியரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் பட்டினியில் தவித்தது. அந்த ஆண்டுகளை ஏழை வீடுகள் கடந்தது மரச்சீனியையும் கிடைத்த மீனையும் வைத்துத்தான். இந்த ஜோடிக்கு உடம்பு சார்ந்த நியாயமும் இருக்கிறது. மரச்சீனியில் மாவுச்சத்து உண்டு, புரதம் பெயருக்குத்தான். சயனைடு கொடுக்கும் பொருள் கொஞ்சம் உண்டு, அதனால்தான் வேகவைத்த முதல் தண்ணீரைக் கொட்டுகிறோம். மிஞ்சியதை உடம்பு முறிக்க, கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் தேவை. அவை மீனில் இருக்கின்றன. கிழங்கை வேகவைத்து, தேங்காய், சீரகம், உள்ளி, பச்சைமிளகாய் சதைத்துப் போட்டு மயக்கி, சுடச்சுடப் பொரித்த சாளையோடு வைத்தால் இரண்டாவது கறி கேட்க நாக்குக்குத் தோன்றாது. சாளையின் சிறுமுள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள். முறுகப் பொரித்ததை நாம் மென்றே தின்றுவிடலாம், சுண்ணாம்புச் சத்து அதில்தான்.

ஏழைகளின் மீன் என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம். அந்த வரி இனி எல்லா ஆண்டும் செல்லாது. கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் அது 3,297 டன். கடல் சூடேறியது, எல் நினோ, பாசி குறைந்தது, அளவுக்கு மீறிய வலைகள், குஞ்சுகளை வாரியது என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளில் ஓமன் நாட்டு மத்தி உறைநிலையில் வந்து சந்தையில் கிடந்தது. பெரிதாக, பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். பொரித்தால் நம்முடையதன் பக்கத்தில் நிற்காது, இது என் நாக்கின் தீர்ப்பு. இன்னொரு பக்கம், 1980களுக்குப் பிறகு நெய்ச்சாளை கிழக்குக் கரையிலும் மிகுதியாகப் படத் தொடங்கியது. முன்பு அங்கே அது அரிதான விருந்தாளி. கடல்நீர் சூடாவதற்கும் இந்த இடமாற்றத்துக்கும் தொடர்புண்டு என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மேற்குக் கரைக்கு அது இப்போது திரும்பிக்கொண்டிருக்கிறது. ஆனால் திரும்பி வருவதில் பெரும்பங்கு சிறிது, விரல் நீளம் தாண்டாதது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிப்பதைக் கேரளம் சட்டத்தால் தடுத்திருக்கிறது. உண்மையில் முட்டையிடும் அளவு வர அதற்கு இன்னும் நான்கைந்து சென்டிமீட்டர் வேண்டும், சட்டம் பாதி வழியில் சமரசம் செய்திருக்கிறது. சந்தையில் குட்டிச்சாளை கூறு கட்டி மலிவாகக் கிடக்கும். அதில் கொழுப்பும் இல்லை, ருசியும் இல்லை, கழுவி முடிப்பதற்குள் முதுகு ஒடியும். நாலு வீடு வேண்டாம் என்றால் மறுநாள் ஏலத்தில் அதன் விலை விழும். விலை விழுந்த மீனுக்காக யாரும் டீசல் எரிக்க மாட்டார்கள். ஆகவே அடுத்த முறை விரலளவு சாளையைக் கண்டால், "பெரிசு வரட்டும் அக்கா, வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக்கொள்ளுங்கள்.